வந்துட்டேன், நீங்க போங்க

வலது முட்டி வீங்கிக் கல்லாகக் கிடந்ததால் வாளியக்கா அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கேட்டை வழக்கத்தைவிட மெதுவாகத்தான் கடந்தாள். கடந்து முடித்தபோது மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்தாள். முதலில் வலியின் மேல்தான் பழியைப் போட்டாள். பகல் முழுக்க மாடிப்படி கழுவிய காலுக்குத் திசை தப்புவது நடக்கக்கூடியதுதான். திரும்பி நின்று, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் தெருவில் வைத்தாள். தெருவில் வைத்த கால் உள்ளே தண்ணீர்க் குழாயடி ஈரத்தில் இறங்கியது. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கேட்ட எல்லாரிடமும் அவர் ஒரே மாதிரிதான் சொன்னார்: அவள் வெளியே வந்தாள், திரும்பவில்லை, ஆனால் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மெஷினில் தாள் மாட்டப் போய்விடுவார்.

அவள் அந்தப் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு அல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் வாளியக்கா. ஆசிரியர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கணவர் மொத்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். ஒரே மகளைப் பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் அப்போது தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டு மகள் வீட்டில் போய் இருப்பதாக வாளியக்கா சொல்லியிருந்தாள். அந்த லீவுக்காகவே இரண்டு வருஷம் காய்ச்சலோடும் வேலைக்கு வந்தவள் அவள்.

அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் கீழ்நிலை ஊழியர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியார்களும் அதிகாரிகளும் பொறுப்பை ஒப்படைக்கக் கையெழுத்துப் போடுவார்கள். துடைப்பம், சாவி, அடுப்பு, மோட்டார் ஆகியவற்றோடு பிழைக்கிறவர்கள் வாயால்தான் ஒப்படைப்பார்கள். போகிறவர் ‘பாத்துக்கோங்க, வந்துடறேன்’ என்பார். நிற்கிறவர் ‘பாத்துக்கறேன்’ என்பார். திரும்பி வந்தவர் ‘வந்துட்டேன், நீங்க போங்க’ என்று நேருக்கு நேர் நின்று சொல்லும்வரை மற்றவர் நகரக்கூடாது. பல வருஷம் முன்பு ஒரு பள்ளியில் ஓடுகிற மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போக, மேல்தொட்டி நிரம்பி இடிந்து கீழே நின்ற ஒரு தோட்டக்காரரைக் கொன்றுவிட்டது. அதிலிருந்துதான் இந்த வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. வாளியக்கா அன்று மீறினாள். மத்தியானம் வாட்ச்மேன் அவளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, வேறொரு பள்ளியில் பரீட்சைக் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

“கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா, மூணு மணிக்கெல்லாம் வந்துடறேன்.”

“போங்க, பாத்துக்கறேன்” என்றாள் அவள்.

மூன்று மணிக்கு அவர் வரவில்லை. இருட்டும் நேரத்திலும் வரவில்லை. முட்டி விண்விண் என்று தெறித்தது. கேட்டை வெளியிலிருந்து பூட்டி, சாவியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவள் கிளம்பினாள். அப்போதுதான் அது நடந்தது.

மறுநாள் காலையில் அவள் கணவர் மூட்டைக்காரர் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தெருவுக்கு வந்து பார்த்தபோது கையில் கை இல்லை. மதில்மேல் ஏணி வைத்தார்கள். அந்தப் பக்கம் குதித்தவள் இந்தப் பக்கம் ஏணியடியில் வந்து விழுந்து இன்னொரு முட்டியையும் கெடுத்துக்கொண்டாள். பள்ளி பஸ்ஸின் கடைசி சீட்டில் படுக்க வைத்து, ஜன்னலை மூடி, வேகமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். பஸ் போய்விட்டது. பஸ் நின்றிருந்த இடத்தில், எண்ணெய்க் கறைமேல், மடியில் பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக் கிளார்க்குக்கு வேறு தொல்லை வந்தது. வருகைக் கையெழுத்து உள்ளே வந்தவர்களுக்குத்தான். அவள் வெளியே போகவே இல்லையே, எப்படி உள்ளே வந்ததாக எடுத்துக்கொள்வது என்று யோசித்து, முதல் வாரம் முழுக்க அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார்.

“மேடம், ரூல்படி பாத்தா அந்தம்மா இன்னும் வேலைக்கு வரவே இல்ல.”

“அப்ப கக்கூஸ் யாருய்யா கழுவுனது? நீயா?”

அன்றிலிருந்து அவளுக்கு வருகை போட்டார்கள். ராத்திரிக் காவலையும் அவள்தான் பார்த்தாள். அதற்குத் தனியாக எதுவும் போடவில்லை.

மாவட்டத்தில் மாதாமாதம் ஒரு செய்தி மடல் வரும். யார் பணியேற்றார், யார் மாற்றலாகிப் போனார், யார் ஓய்வு பெற்றார், யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார் என்று போடுவார்கள். மடலைத் தயாரிக்கும் ஓவிய ஆசிரியருக்கு இந்தச் செய்தியை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை. அது பணியேற்பும் இல்லை, ஓய்வும் இல்லை, நல்லவேளையாக இரங்கலும் இல்லை. கடைசியில் ‘கண்டெடுத்தவை’ என்ற தலைப்பில், ஒரு குடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக்கும் கீழே, பள்ளியின் துப்புரவுப் பணியாளர் வெளியே செல்ல இயலாமல் பள்ளியிலேயே இருக்கிறார், நலம் விசாரிக்க விரும்புவோர் வேலை நேரத்தில் வரலாம் என்று போட்டார். மக்கள் வந்தார்கள். பார்த்தார்கள். அவள் வேலை செய்துகொண்டே இருந்ததால் பார்க்க அதிகம் இல்லை. மாவட்ட அலுவலகம் அவளை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்து முத்திரையோடு ஓர் உத்தரவு அனுப்பியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கேட்டைக் கடந்தாள்; அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். தாளில் எழுதியது கேட்டுக்கு ஏறவில்லை. புது வாட்ச்மேன் போடச் சொல்லித் தலைமையாசிரியை மூன்று தடவை எழுதினார். அங்கே ஏற்கெனவே முழுநேரமும் ஆள் இருப்பதால் அந்த இடம் காலி என்று கருத முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர் புத்திசாலி. இருபத்துநாலு மணி நேரக் காவலும் துப்புரவும் ஒரே சம்பளத்தில் நடக்கும்போது எந்த அலுவலகம்தான் கதவைத் திறந்துவிடும்?

என்ன செய்தால் அவள் வெளியே போகலாம் என்பது எல்லாருக்கும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. யாராவது ஒருவர் எதிரே நின்று அந்த வார்த்தைகளை முழுசாகச் சொன்னால் போதும், அவள் போய்விடலாம். ஆனால் சொன்னவர் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறார் என்று சொல்லாமலே வாட்ச்மேன் போனில் சொல்லிப் பார்த்தார், போனில் சொன்னதும் கேட்டுக்கு ஏறவில்லை. அதன்பிறகு அந்தப் பள்ளியில் ‘வந்துட்டேன்’ என்ற சொல்லே ஒழிந்துபோயிற்று. ஆசிரியர்கள் காலையில் கேட்டருகே வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். கிளார்க் மட்டும் ஒருநாள் மறதியில், “வந்துட்டேன்க்கா” என்றார். வாளியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். மீதி வார்த்தைக்காக அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கிளார்க் தொண்டையைக் கனைத்தார்.

“டீ இருக்கா?” என்றார்.

மூட்டைக்காரர் ஒருநாள் தலைச்சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க சொன்னீங்கன்னா நான் திரும்பி வந்து அதையே சொல்லுவேன். அப்புறம் நீங்க சொல்லுவீங்க. ரெண்டு பேரும் கேட்டுக்குக் காவல் மாத்திக்கிட்டே கெழடாகணுமா? மூட்டை யாரு தூக்குறது?”

“ஒரு மாசம் நான் இருக்கேன். நீ புள்ளைகிட்டப் போயிட்டு வா.”

“உள்ள வந்து என்ன பண்ணுவீங்க? உங்களுக்குத் துடைப்பம் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. ஒரே வாரத்துல உங்களை வேலையில்லாத ஆளுன்னு எழுதி, மார்க்கெட்டுல உங்க இடத்தையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவான் மேஸ்திரி. போயி அந்த வாட்ச்மேனைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. கடன்பட்டவன் அவன்தான்.”

அவர் வாட்ச்மேனைத் தேடிப் போனார். மூட்டை இல்லாத நாட்களில் பஸ்ஸிலும், பஸ் போகாத இடத்துக்கு நடந்தும் போனார். வாட்ச்மேன் அந்தப் பரீட்சைப் பள்ளியின் சமையலறையில் இருந்தார், இளைத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. அடுப்பங்கரை வாசற்படியைத் தாண்டினால் அவர் மறுபடி அடுப்பங்கரையில்தான் வந்து நின்றார். அன்று அதே மத்தியானம் அங்கிருந்த சமையல்காரம்மா, பெரிய அண்டா வாங்கி வர மாணவர் விடுதிக்குப் போவதாகச் சொல்லி, அடுப்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் “பாத்துக்கறேன்” என்றிருக்கிறார்.

“அண்ணே, நான் ஏமாத்திட்டு ஓடலண்ணே” என்று வாட்ச்மேன் அழுதார். “எனக்கும் சமைக்கத் தெரியாது. ஊர்ப்புள்ளைங்க என் சாப்பாட்டைத் தின்னுட்டு என்னைத்தான் திட்டுதுங்க.”

சமையல்காரம்மா விடுதியில் இருந்தாள். அவள் போன நேரத்தில் வேன் டிரைவர் அரிசி மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு கையெழுத்து வாங்கி வருவதாகச் சொல்லி அவளைக் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறார். மூட்டைகள் எப்போதோ தின்று தீர்ந்துவிட்டன. அவள் இன்னும் அந்த வாசலில்தான் இருந்தாள். டிரைவர் மாவட்ட அலுவலகத்தில், அதிகாரியின் அறையில், அதிகாரியின் சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துக்காக நின்றவரைப் பார்த்து அதிகாரி, “டீ குடிச்சிட்டு வந்துடறேன், போன் வந்தா எடு, ரூமைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டீக்கடையிலேயே அவருக்குப் பதவி உயர்வு என்று தகவல் வந்தது. அங்கிருந்தே காரேறி, அறைக்குத் திரும்பாமல், தலைநகருக்குப் போய்விட்டார். பெட்டி படுக்கையை வேறு ஆள் வந்து எடுத்துப் போனார். அவருக்குப் பின்னால் வந்த அதிகாரிகள் டிரைவரைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். போன் அடித்தால் அவர் எடுப்பார். அவர்களும் டீ குடிக்கப் போவார்கள், ஆனால் அவரிடம் எதுவும் சொல்லாமல் போவார்கள்.

ஆக நான்கு பேர், ஒரே மத்தியானம், ஒருவர் காலில் இன்னொருவர் கட்டப்பட்டிருந்தார்கள். வாளியக்காவைத் தவிர மற்ற மூவரும் வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள். செய்தி மடலில் அவர்களை ‘தற்காலிக மாற்றுப்பணி’ என்று போட்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதிகாரி வந்து அந்த அறையில் மூன்று வார்த்தை சொன்னால் டிரைவர் விடுதிக்கு ஓடுவார், சமையல்காரம்மா அடுப்புக்கு ஓடுவாள், வாட்ச்மேன் கேட்டுக்கு வருவார், வாளியக்கா மகளிடம் போவாள். மூட்டைக்காரர் இதை அவளிடம் வந்து சொன்னபோது அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“நாலு பேரும் ஏழைங்கதான்” என்றாள் பிறகு. “ஓடிப்போனவன் ஒருத்தன்தான் பெரிய மனுஷன்.”

தலைநகருக்குத் தலைமையாசிரியை கடிதம் போட்டார். உரிய வழியில் அனுப்பவும் என்று பதில் வந்தது. உரிய வழி அந்த அதிகாரி விட்டுப்போன அறை வழியாகப் போனது. அங்கே தபாலைப் பிரித்தவர் டிரைவர்.

இதற்குள் மகளுக்கு நிறைமாசம். ஒரு மத்தியானம் அவள் தனியாக, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். வாளியக்கா பினாயில் வாளியோடு வராந்தாவில் இருந்தாள். மகள் அவளுக்கு நேரே வந்து நின்றாள். முகத்தில் வேர்வை முத்துமுத்தாக இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, வந்துட்டேன்.”

வாளியக்கா வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, பினாயில் நனைந்த உள்ளங்கையால் மகள் வாயைப் பொத்தினாள். மகள் திமிறினாள். இரண்டு பேரும் வராந்தாத் தூணில் மோதிக்கொண்டார்கள்.

“பைத்தியக்காரி. வயித்துல புள்ளையோட உள்ள நிக்கப் போறியா? உன் புள்ளை கரும்பலகையைப் பாத்துக்கிட்டே பொறக்கணுமா?”

மகள் அவள் கையைக் கடித்தாள். அவள் எடுக்கவில்லை.

“மீதியைச் சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டு. அப்பத்தான் எடுப்பேன்.”

மகள் தலையை ஆட்டினாள். கை எடுத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான்” என்றாள் வாளியக்கா. வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சிந்திய பினாயிலைத் துடைக்க ஆரம்பித்தாள், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிடும், பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள்.

பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. வாளியக்கா போனில் அதன் அழுகையைக் கேட்டாள். செய்தி மடலில் பிறப்பு என்ற தலைப்பில் போட்டார்கள், எழுத்துப்பிழை இல்லாமல்.

அதன்பின் வருஷங்கள் போயின. மாவட்டம் அவளைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது. ‘வாளியக்கா இருக்காங்கல்ல’ என்பது ஒரு வசதியாக ஆகிவிட்டது. பார்சல்காரர் எல்லா ஆசிரியர்களின் பார்சலையும் அவளிடம் கொடுத்தார். தாமதமாக வரும் பெற்றோர் பிள்ளையை அவளிடம் விட்டார்கள். கணித டீச்சர் தன் மாமியாரோடு சண்டை போட்டு வந்த நாளில் விடியும்வரை அவளிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தெளிந்து வீட்டுக்குப் போனாள். ‘சிறந்த பணியாளர்’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்க மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்று இருந்ததால் அது இன்னும் அங்கேயே அலமாரியில் இருக்கிறது, டிரைவர் தூசி தட்டி வைக்கிறார். மூட்டைக்காரர் தினமும் வேலை முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு வருவார். அவர் வெளியே சும்மாட்டைப் போட்டு உட்காருவார், அவள் உள்ளே உட்காருவாள், கம்பிகளுக்கு நடுவே பரிமாறிக்கொண்டு சாப்பிடுவார்கள். அவர் உள்ளே வரத் தடை எதுவும் இல்லை. அவள்தான் விடவில்லை. அவள் படுத்ததுகூடப் பெஞ்சுகளை இழுத்துப்போட்டுத்தான். முதுகு போய்விடும், வீட்டுக் கட்டிலைக் கொண்டுவருகிறேன் என்று அவர் எத்தனையோ முறை கேட்டார்.

“கட்டில் போட்டா வீடாயிடும்” என்பாள் அவள். “நான் இன்னும் வேலைக்கு வந்தவதான்.”

பேத்தி வளர்ந்து அதே பள்ளியில் சேர்ந்தாள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடும்போது அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவாள். எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க என்று கேட்பதை இரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டாள். மகள் வீட்டில் ஜன்னலோரம் ஒரு இடம் எதுவும் வைக்காமல் காலியாக இருந்தது. அது யாருக்கு என்று யாரும் பேசுவதில்லை.

பிறகு அந்த அதிகாரி வந்தார். தலைநகரில் மேலே மேலே போய், ஓய்வும் பெற்று, பழைய மாவட்டத்தின் ஊழியர் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகச் சம்மதித்திருந்தார். பெரிய மண்டபம் அந்தப் பள்ளியில்தான் இருந்தது. வாளியக்கா முதல்நாளே மண்டபத்தை இரண்டு முறை கழுவினாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பையில் மாற்றுத்துணியை மடித்து வைத்துக் கேட்டருகே தயாராக வைத்தாள். மகளும் பேத்தியும் வெளியே தெருவில் நின்றார்கள். அதிகாரி அரைமணி நேரம் பேசினார். கடமை, தியாகம், கீழ்மட்ட ஊழியர்களின் அர்ப்பணிப்பு எல்லாம் வந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கியபோது மூட்டைக்காரர் துவைத்த சட்டையோடு முன்னால் வந்து, இரண்டு கையாலும் ஒரு கிளாஸ் டீயை நீட்டினார்.

“என்னப்பா இது?”

“நீங்க குடிக்கப் போன டீங்க ஐயா. குடிச்சிட்டு ரூமுக்கு வந்தீங்கன்னா டிரைவர் விடுதிக்குக் கிளம்பிடுவாரு.”

தலைமையாசிரியை தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. அந்த அறைக்குள் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அங்கே நிற்கப்போவது யார் என்று அவருக்குப் புரிந்தது. டீயைக் கடைசிவரை குடித்தார்.

“சர்க்கரை கொஞ்சம் கம்மி” என்றார். “போற வழிதானே, ஆபீஸ்ல இறங்கிச் சொல்லிட்டுப் போறேன்.”

கேட்டைத் தாண்டி அவர் கார் போனது, எந்தத் தடங்கலும் இல்லாமல். வாளியக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் மகள் அவளைப் பார்த்தபடி நின்றாள். டிரைவர் அலுவலக ஜன்னலிலிருந்து கார் வருவதைப் பார்த்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுழல் நாற்காலியைத் துடைத்து வைத்தார் என்று பின்னால் தெரிந்தது. கார் அலுவலக வாசலில் வேகத்தைக் குறைத்தது. அங்கே ஒரு வேகத்தடை உண்டு. அதைத் தாண்டியதும் மறுபடி வேகமெடுத்துப் போய்விட்டது.

அலுவலகத்திலிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, இல்லை என்று தலையை ஆட்டினார். வாளியக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். டீக்கிளாஸைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே வந்தாள்.

“கட்டிலைக் கொண்டாங்க” என்றாள் கணவரிடம்.

அவர் அன்றே கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் தலையணையைக் கொண்டுவந்தாள். ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில், ஜன்னலோரமாகப் போட்டார்கள். கால் ஆடாமலிருக்க ஒரு பழைய டஸ்டரை அடியில் செருகினார்கள். அன்றிலிருந்து மூட்டைக்காரரும் அங்கேதான் படுக்கிறார், காலையில் எழுந்து கேட்டைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் பேத்தி வந்து தங்குகிறாள். அடுத்த மாதச் செய்தி மடலில், விழா சிறப்பாக நடந்தது என்ற செய்திக்குக் கீழே, வாளியக்காவின் முகவரி மாறியிருப்பதைப் போட்டிருந்தார்கள். டீக்கு யாரும் காசு கேட்கவில்லை. அந்த அதிகாரி தரவேண்டியது மூன்றே வார்த்தை: வந்துட்டேன், நீங்க போங்க. அதை அவர் இன்னும் தரவில்லை.